தங்கச்சியின் லாக் ஸ்பேனர்

என் தங்கச்சி மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பதினோரு வருஷமாக உள்ளேயே வைத்திருக்கிறேன். அவள் நல்லதுக்காக, யாருக்கும் தெரியாமல் நான் தளர்த்தி வைத்த எட்டு நட்டுகளை, சலவைக்கூடத்து ஆட்கள் நாற்பது பேர் பார்க்க ஒவ்வொன்றாகத் திரும்ப முறுக்கினாள். செய்த உதவியை இப்படி முகத்தில் விட்டெறிகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்கு நான் போகிறேன், என் வீட்டுக்கு அவள் வருகிறாள், பேச்சுவார்த்தையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த எட்டு நட்டும் இன்னும் என் தொண்டையில்தான் இருக்கின்றன.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் படுக்கை விரிப்பு வரும். ஒரு பக்கம் துவைக்கிற டிரம்கள், அடுத்து உலர்த்துகிற டிரம்கள் நான்கு, கடைசியில் சூடான ரோலர். ஈரம் போன விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ரோலருக்குள் கொடுத்தால் அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி போட்ட மாதிரி வெளியே வரும். எல்லாவற்றுக்கும் சூடு கொடுப்பது நீராவி. அந்த நீராவிக் குழாய்களைப் பார்த்துக்கொள்கிற பிட்டர்கள் நானும், தாடி என்று எல்லாரும் கூப்பிடுகிற இன்னொருவரும். தங்கச்சி ரோலரில் விரிப்பு கொடுக்கிறவள்.

ரோலருக்கு மேலே ஒரு கயிறு ஓடும். ஆபத்தென்றால் இழுத்தால் போதும், ரோலர் நின்றுவிடும். அந்தக் கயிறு அறுந்து மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது எலெக்ட்ரீஷியன் வேலை என்று நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். ஒருநாள் விரிப்பின் மடிப்பில் அவள் இடது கை மாட்டியது. பக்கத்தில் நின்றவள் கயிற்றை இழுத்தாள். கயிறு கையோடு வந்தது. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்கடை தூரம் வரை போய்விட்டது.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வாசலில் உட்கார்ந்து துணி எண்ணுகிற வேலை தருகிறேன் என்றார் போர்மேன். அவள் வேண்டாம் என்றாள். அந்த வருஷக் கடைசியில் தாடி ஓய்வு பெறுகிறார், அந்த இடம் தனக்கு வேண்டும் என்றாள்.

போர்மேன் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, பிட்டர் வேலைக்கு ரெண்டு கை இருக்கறவனே மூணாவது கைக்கு ஆள் தேடறான்."

"தெரியும் சார். கத்துக்கிட்டு வரேன்."

"எதை?"

"ஒரு கையால செய்யறதை."

"தப்பா நெனைக்காதே, ஆவுற கதையா பேசணும்."

"கயிறு மூணு மாசம் தொங்குச்சு சார். ரெண்டு கை இருக்கறவங்க எத்தனை பேர் அதுக்குக் கீழ நடந்தீங்க? நான் பிட்டரா இருந்தா அது ஒரு நாள் தொங்காது."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போர்மேன் ஒரு வழி சொன்னார். வருஷக் கடைசிக்குள் ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரத்துக்குள், மூன்றாவது உலர்த்தியின் நீராவிக் குழாயில் கேஸ்கெட் மாற்றிக் காட்ட வேண்டும். தனியாக. யாரும் தொடக்கூடாது. முடிந்தால் வேலை அவளுக்கு. முடியாவிட்டால் வாசலில் துணி எண்ண வேண்டும், வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகலாம்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குழாயும் குழாயும் சேருமிடத்தில் இரண்டு முனையிலும் கனமான இரும்புத் தட்டு இருக்கும். பிளாஞ்சு என்போம். இரண்டு தட்டையும் முகத்தோடு முகம் வைத்து, நடுவில் நீராவி கசியாமலிருக்க கேஸ்கெட் என்ற வளையத்தைக் கொடுத்து, சுற்றிலும் எட்டு போல்ட் போட்டு இறுக்கியிருப்போம். இந்தப் பக்கம் நட்டைத் திருப்பினால் அந்தப் பக்கம் போல்ட்டின் தலையும் கூடவே சுற்றும். அதனால் தலையை ஒரு ஸ்பேனரால் ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும், நட்டை இன்னொரு ஸ்பேனரால் இன்னொரு கை திருப்ப வேண்டும். அவளுக்குக் குறைவது அந்தப் பிடித்துக்கொள்கிற கை.

"கையை நான் குடுக்கறேன், போர்மேன்கிட்ட பேசிப் பாக்கறேன். நீ பெயிலாகி வாசல்ல உக்காராதே" என்றேன். "உன் கை உனக்கே பத்தாது அண்ணே, கடைக்கு மட்டும் கூட வா" என்றாள்.

கடைக்காரர் முதலில் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "என்ன சைஸ் வேணும் சார்?"

"வேலை எனக்கு. என்கிட்ட கேளுங்க" என்றாள் தங்கச்சி. "நட்டைப் பிடிச்சா தானா பூட்டிக்கணும். நான் கையை எடுத்தாலும் அங்கேயே நிக்கணும்."

அவர் பல் வைத்த கிரிப் பிளையரை எடுத்து வைத்தார். "இது கடிச்சா விடாது."

"கடிக்கறதுதான் தொந்தரவு. ரெண்டு தடவை போட்டா நட்டோட மூலையைத் தின்னுடும். அப்பறம் எந்த ஸ்பேனரும் அதுல ஏறாது. வாய் ரெண்டும் வழவழன்னு நேரா இருக்கணும்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இதெல்லாம் எப்போது படித்தாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்து வாயைக் கூட்டிக் குறைக்கிற சாதாரண ஸ்க்ரூ ஸ்பேனர் வந்தது. கடை மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று பொருத்தியிருந்தது. அதன் கால் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, மேஜையை முழங்காலால் இரண்டு இடி இடித்தாள். வாய் தளர்ந்து ஸ்பேனர் கீழே விழுந்தது. "இது நாலாவது நட்டுல என் கால்மேல விழும்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

லாக் வைத்த ஸ்க்ரூ ஸ்பேனர் என்று ஒன்று உண்டு. வாயை நட்டின் அளவுக்குக் கொண்டுவந்து, கைப்பிடியில் இருக்கிற சின்ன நெம்பை அழுத்தினால் வாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும். அதில் மூன்று கம்பெனி சரக்கு இருந்தது. முதலாவதில் நெம்பு கைப்பிடியின் அடிக்கோடியில் இருந்தது; அதை அழுத்த இன்னொரு கை வேண்டும். இரண்டாவதில் பூட்டிய பிறகும் வாயில் ஒரு ஆட்டம் இருந்தது. ஒரு நகம் அளவுகூட இல்லை. நான் சரியாயிருக்கிறது என்றேன். அவள் காதருகே வைத்து ஆட்டினாள். "டிக் டிக்குங்குது கேக்கலியா?" எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது அட்டைப்பெட்டி நைந்து போன பழைய சரக்கு. கனம் அதிகம். பார்க்கவும் அழகில்லை. ஆனால் வாயை நகர்த்துகிற சக்கரமும் பூட்டுகிற நெம்பும் இரண்டும் வலது கைக் கட்டை விரலுக்கே எட்டின. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை வைஸ் போல்ட்டில் மாட்டினாள், சக்கரத்தை உருட்டினாள், பூட்டினாள். பிறகு தன் பையைக் கழற்றி ஸ்பேனரின் வாலில் மாட்டிவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றாள். ஒரு பஸ் போகிற வரை பார்த்தாள். திரும்பி வந்தாள். பை அங்கேயே தொங்கியது.

கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. "ஏம்மா, ஸ்பேனருக்கே இத்தனை சோதனையா? மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்களே."

"மாப்பிள்ளையை எங்க அண்ணன் பாத்தார். அதனாலதான் இதை நானே பாக்கறேன்."

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் ஆணி டப்பா ஒன்று சரிந்தது. மாப்பிள்ளை தங்கமான மனுஷன். தையற்காரர். குறட்டையைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஒரு நட்டும் நிம்மதியாக இருக்கவில்லை. சமையலறைக் குழாய், ஜன்னல் கம்பி, தையல் மெஷினின் கால், எல்லாம் கழன்று மறுபடி ஏறின. ஒருநாள் கட்டிலைத் திரும்ப மாட்டும்போது இரண்டு போல்ட்டை மறந்துவிட்டாள். மாப்பிள்ளை மதியத் தூக்கத்துக்குப் படுத்தவர் தரையில் இருந்தார். "மச்சான், உங்க தங்கச்சி கழட்டாம விட்டது என் மூக்குக் கண்ணாடி ஒண்ணைத்தான்" என்று என்னிடம் சொன்னார். சொன்னாரே தவிர, பழைய இரும்புக் கடையிலிருந்து எட்டு போல்ட் பிளாஞ்சு ஒன்றைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான்.

அதை அவள் பின்கட்டில் ஒரு தூணோடு கட்டி நிறுத்தியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. கதவோரம் நின்று பார்த்தேன்.

முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் நான். அன்று பார்த்ததை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. லாக் ஸ்பேனரைப் போல்ட்டின் தலையில் மாட்டினாள், கட்டை விரலால் உருட்டினாள், பூட்டினாள், கையை எடுத்துவிட்டாள். அது காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. பிறகு முன்பக்கம் வந்து வளைய ஸ்பேனரால் நட்டைத் திருப்பினாள். போல்ட் சுற்றப் பார்த்தது. லாக் ஸ்பேனரின் வால் மெல்லத் திரும்பிப் போய்ப் பக்கத்துப் போல்ட்டின் மேல் சாய்ந்து நின்றுகொண்டது. நட்டு கழன்றது. முறுக்கும்போது அதையே தலைகீழாக மாட்டினாள். வால் இப்போது மறுபக்கத்துப் போல்ட்டில் போய் முட்டியது. எந்தப் பக்கம் எது முட்டும் என்று அவள் யோசிக்கவே இல்லை. அந்த இரும்பை அவள் பிடித்திருந்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை. யாரோ பழக்கப்பட்ட ஆள் அந்தப் பக்கம் நின்று பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. சத்தம் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டேன்.

இப்படிப் பார்த்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. பின்கட்டுப் பிளாஞ்சு வேறு. மூன்றாவது உலர்த்தியின் பிளாஞ்சு ஏழு வருஷமாகக் கழற்றாதது. நீராவிச் சூட்டில் நட்டு போல்ட்டோடு ஒட்டிப் போயிருக்கும். முதல் நட்டு அசையாமல் போனால் நாற்பது பேர் முன்னால் அவள் நின்றுபோவாள்.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்றாவது குழாயின் வால்வை மூடி, திறக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணியைக் கட்டினோம். மறுநாள் காலை ஆறரைக்கே நான் உள்ளே போனேன். குழாய் ஆறியிருந்தது. ஒரு நீளக் குழாயை ஸ்பேனரின் வாலில் செருகி, பலம் கொண்ட மட்டும் அழுத்தி எட்டு நட்டின் பிடியையும் உடைத்தேன். ஒவ்வொன்றையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, கையால் திருப்புகிற பதத்தில் விட்டேன். மேலே தூசியைத் தடவினேன். இரண்டு தோளும் கழன்றுபோகிற மாதிரி வலித்தது. மனசு லேசாக இருந்தது.

ஏழு மணிக்கு மற்ற மூன்று உலர்த்திக்கும் நீராவி வந்தது. வேலை வழக்கம்போல நடந்தது. மூன்றாவதின் எதிரில்தான் விரிப்பு மடிக்கிற மேஜை. ஆறு பெண்கள் அங்கே நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளை மணி அடித்ததும் யாரும் சாப்பிடப் போகவில்லை. அவள் வந்தாள். இடுப்பில் ஒரு துணிப் பை, அதில் சாமான்கள். முதலில் வால்வின் சிவப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குழாயில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நட்டுகளில் தனக்கு எதிர்ப்பக்கம், கீழே இருப்பதைத்தான் முதலில் எடுத்தாள்; உள்ளே எங்காவது நீராவி தங்கியிருந்தால் அந்தப் பக்கமாகப் போகட்டும் என்று. தாடி என் காதில் "இதை யாரய்யா சொல்லிக் குடுத்தது?" என்றார். யாரும் இல்லை.

வளைய ஸ்பேனரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். நட்டு வெண்ணெய் மாதிரி வந்தது.

அவள் கை நின்றது. அடுத்த நட்டை விரலால் திருப்பினாள். அதுவும் வந்தது. எட்டையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கூட்டத்தில் நேராக என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

லாக் ஸ்பேனரைத் தலைகீழாக மாட்டினாள். முறுக்க ஆரம்பித்தாள். ஒன்று, எதிரில் இருப்பது, குறுக்கே இருப்பது, மறுபடி எதிர். எட்டும் முடிக்கப் பத்து நிமிஷம் போயிற்று. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "கழட்டத்தானே சொன்னாங்க?" என்றாள் ஒருத்தி.

"சார்," என்றாள் தங்கச்சி. "எல்லா நட்டும் தளர்ந்திருந்துச்சு. முறுக்கிட்டேன். நீங்க ஒரு தடவை உங்க கையால இறுக்கிக் குடுங்க. அப்பறம் கழட்டறேன்."

போர்மேன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாருய்யா தளர்த்தினது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"டைம் ஓடுதும்மா. பத்து நிமிஷம் போச்சு. சேத்துத் தர மாட்டேன்."

"வேண்டாம் சார்."

போர்மேன் நான் வைத்திருந்த அதே நீளக் குழாயைச் செருகி, முகம் சிவக்க எட்டையும் இறுக்கினார். அதற்குள் இன்னும் ஐந்து நிமிஷம். மீதி நாற்பத்தைந்து.

முதல் நட்டு வரவில்லை. அவள் ஸ்பேனரை மாட்டி, வாலின் மேல் காலை வைத்து ஏறி நின்றாள். அப்போதும் வரவில்லை. அந்தப் பக்கம் லாக் ஸ்பேனர் பக்கத்துப் போல்ட்டில் முட்டி வளைகிற மாதிரி இருந்தது. ஆனால் வாய் விடவில்லை. அவள் ஒரு குதி குதித்தாள். டப் என்று ஒரு சத்தம். கூட்டத்தில் பாதிப் பேர் பின்னால் நகர்ந்தார்கள். நட்டு பிடி விட்டு வந்திருந்தது. அதற்கப்புறம் ஏழும் அப்படியே. மாட்டு, உருட்டு, பூட்டு, குதி.

மேல் நான்கு போல்ட்டையும் உருவினாள். கீழ் நான்கைத் தொட்டில் மாதிரி விட்டுவைத்தாள். இரும்பு ஆப்பு ஒன்றைத் தட்டி இரண்டு தட்டையும் விலக்கினாள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, தட்டின் முகத்தை விரல் நுனியால் முழுச் சுற்றும் தடவினாள். ஒரு இடத்தில் நின்று மறுபடி சுரண்டினாள். புது வளையத்தை உள்ளே விட்டபோது அது கீழ் போல்ட்டுகளின் மேல் தானே உட்கார்ந்தது. இன்னொரு கை பிடிக்க வேண்டிய இடமே இல்லாமல் செய்திருந்தாள். தாடி தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மணி அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது கடைசி நட்டை இறுக்கி, ஸ்பேனரின் நெம்பைத் தட்டி விடுவித்துப் பையில் போட்டாள்.

"மாட்டிட்டே," என்றார் போர்மேன். "பிடிக்குதான்னு ஸ்டீம் விட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். ஒரு சொட்டுக் கசிஞ்சாலும் வாசல்தான்."

"சரி சார்."

அவள் படியில் உட்கார்ந்து கையைத் துடைத்தாள். நான் பக்கத்தில் போனேன். கோபமாகத்தான் போனேன். "உனக்காகத்தானே செஞ்சேன். இப்படியா அசிங்கப்படுத்துவே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, காலையில தாடி மறந்துபோய் மூணாவதையும் சேத்துத் திறந்திருந்தா?"

"சிவப்புத் துணி கட்டியிருந்துச்சே."

"கயிறுகூடத்தான் கட்டியிருந்துச்சு." மடிக்கிற மேஜையைக் காட்டினாள். "ஆறு பேர். காலையிலேர்ந்து அந்தத் தளர்ந்த பிளாஞ்சுக்கு முன்னாடி நின்னாங்க. உனக்கு என் வேலைதான் தெரிஞ்சுது."

ஆறு பேரையும் காலையில் பார்த்தேன்தான். கயிற்றைப் பார்த்த மாதிரியே பார்த்தேன். போர்மேனிடம் போய், நட்டைத் தளர்த்தினது நான்தான் என்றேன். "தெரியும்யா, உன் மூஞ்சி அப்பவே சொல்லிடுச்சு. அது அப்பறம்" என்றார்.

நியாயம் அவள் பக்கம் என்று எனக்கு அன்றே தெரியும். நியாயம் அவள் பக்கம் இருந்தால் என் வருத்தம் போய்விடுமா என்ன. அவள் இப்போது எங்கள் சலவைக்கூடத்தின் தலைமைப் பிட்டர். அந்தப் பிளாஞ்சு பதினோரு வருஷமாக ஒரு சொட்டுக் கசியவில்லை. எல்லாரும் அவளை 'கிரிப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் ஒரு வேலைக்கும் என்னைக் கை கொடு என்று கூப்பிட்டதில்லை. கடைசியாக என்னிடம் ஒரு வேலை சொன்னது அன்றைக்குத்தான்.

மணி அடித்துவிட்டது. பெண்கள் மேஜைக்குத் திரும்பப் பார்த்தார்கள். அவள் எல்லாரையும் சுவர் வரை பின்னால் போகச் சொன்னாள். பிறகு மேஜைக்கும் குழாய்க்கும் நடுவே, அந்த ஆறு பேர் நிற்கிற இடத்தில், பிளாஞ்சிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் போய் நின்றாள். "தள்ளி நில்லும்மா" என்றார் போர்மேன்.

"இவங்க நாளெல்லாம் நிக்கப்போற இடம் சார் இது" என்றாள். வால்வைத் திறக்க தாடி கிளம்பினார். அவரைக் கை காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீ போய்த் திற. முதல்ல கால் சுத்து. குழாய்க்குள்ள தண்ணி தட்டற சத்தம் நின்னப்பறம் மீதி. நான் இங்கயே நிக்கறேன்."